எழுத விடாத வேர்டும் எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன், கோட்டையூர்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் வந்து நின்றபோது, "லேத் மெஷினின் வகைகள்" என்று ஒன்று எழுதித் தருவதாகத்தான் முதலில் சொன்னேன். "அது போன வருஷமும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் வந்துச்சு. நீ எல்லாருக்கும் ஃபைல் ரிப்பேர் பாத்துக் குடுக்குறியே, அதை எழுதுடா" என்றான். ஆகவே, கம்ப்யூட்டரில் வேர்டு மென்பொருள் திறந்த ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாமல் அடம்பிடித்தால் என்ன செய்வது என்பது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் உங்கள் பிரிவிலிருந்தும் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்!

இந்த மார்ச் மாதம் நடந்த சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குழுவில் நான்கு பேர். காலால் மிதித்து இயக்கும் தேங்காய் உரிக்கும் கருவிதான் எங்கள் புராஜெக்ட். கருவி ஓடிவிட்டது. ரிப்போர்ட் ஐம்பத்தெட்டுப் பக்கம். அவ்வளவையும் டைப் செய்தவன் பள்ளத்தூரிலிருந்து வரும் என் பார்ட்னர் ஒருவனே. அவன் அண்ணன் பிப்ரவரியில் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடித்தான். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் சான்றிதழ்ப் பக்கத்தைப் பார்த்த எங்கள் வழிகாட்டி ஆசிரியர், தம் பதவிக்கு முன்னால் 'சீனியர்' என்ற சொல் விட்டுப்போயிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஒரே ஒரு சொல். அதைச் சேர்த்து ஞாயிறு பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால் வேலை முடிந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் நால்வரும் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தோம். ஃபைல் திறந்தது. கர்சர் துடித்தது. கீயைத் தட்டினால் எழுத்து விழவில்லை. பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை. மேலே உள்ள பட்டன்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. கீழே ஓரத்தில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி: தேர்ந்தெடுத்த பகுதி பூட்டப்பட்டிருப்பதால் இந்த மாற்றத்துக்கு அனுமதி இல்லை என்று அதற்குப் பொருள்.

'பூட்டப்பட்டிருக்கிறது' என்ற அந்த ஒரு சொல்தான் வம்பை இழுத்தது. ஏனென்றால் வியாழக்கிழமைதான் அட்டையில் யார் பெயர் முதலில் வருவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. "நான் ஒருத்தனே அடிச்சேன், என் பேர் முதல்ல வரட்டும்" என்று அவன் கேட்க, பதிவு எண் வரிசைப்படிதான் போட வேண்டும் என்று நாங்கள் மூவரும் ஒரே பிடியாக நின்றோம். இப்போது ஃபைல் பூட்டியிருக்கிறது என்றால்? செல்போனில் தேடிப் பார்த்த ஒருவன், "இது யாராச்சும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாத்தான் வருமாம்" என்றான். நானும் யோசிக்காமல், "டேய், பாஸ்வேர்டைச் சொல்லுடா, விளையாடாத" என்று கேட்டுவிட்டேன். "நான் எதுவும் போடலடா, எங்க அம்மா மேல சத்தியமா" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் எழுந்து, "லேப்டாப்பையே நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். பையைக்கூட எடுக்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரு மணி நேரம் அந்த ஃபைலோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரில் டி.டி.பி. வேலை பார்க்கும் அக்காவிடம் போனோம். இவர் அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தவர். பிறகு வேர்டுஸ்டார், பிறகு வேர்டு என்று எல்லாவற்றையும் கண்டவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏந் தம்பி, புதுசா ஒரு ஃபைல் திறந்து அதுல ஒரு எழுத்து அடிச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் எங்கள் ஃபைல் திறந்தது, எழுதவும் விட்டது. 'சீனியர்' ஏறிவிட்டது. பிறகு லேப்டாப்பில் ஒரு புது ஃபைல் கேட்டோம். அதிலும் ஒரு எழுத்து விழவில்லை! அதாவது குற்றம் ஃபைலில் இல்லை, மென்பொருளில். அக்கா திரையின் உச்சியைக் காட்டினார். தலைப்புப் பட்டையில், ஃபைலின் பெயருக்குப் பக்கத்திலேயே, 'அன்லைசென்ஸ்டு பிராடக்ட்' என்று எழுதியிருந்தது. புது லேப்டாப்போடு வந்த ஆபீஸ் ஒரு மாத முன்னோட்டம் மட்டுமே. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்திருக்கிறது. கெடு முடிந்தால் ஃபைலைத் திறக்கலாம், படிக்கலாம், பிரிண்ட்கூட எடுக்கலாம். புதிதாக எழுதவோ திருத்தவோ முடியாது.

இதைச் சொல்லும் ஒரு பட்டை திரையின் மேல்பக்கம் முதலிலேயே வந்தது. குறுக்கே வருகிறதே என்று எக்ஸ் அடித்து மூடியவன் நான்தான்.

அன்றிலிருந்து யார் ஃபைல் கொண்டுவந்தாலும் என் முதல் வேலை அக்காவின் சோதனைதான். புது ஃபைல் ஒன்று திறந்து நாலு எழுத்து அடிக்க வேண்டும். அடிக்க முடியவில்லை என்றால் லைசென்ஸ் பிரச்சினை. பழைய ஃபைலைக் குறை சொல்லிப் பயனில்லை. புது ஃபைலில் எழுத முடிந்து, பழைய ஃபைலில் மட்டும் முடியவில்லை என்றால் கோளாறு அந்த ஃபைலிலோ, அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது. இதை எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். விளக்கு எரியவில்லை என்றால் சுவரை உடைத்து வயரிங் பார்ப்பதற்கு முன், வேறு பல்பை மாட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? அதேதான். இரண்டாவது சோதனை, அதே ஃபைலை டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்து அதைத் திறந்து பார்ப்பது. நகல் எழுத விட்டால் ஃபைல் நல்லது, அது இருந்த இடம்தான் கெட்டது.

லைசென்ஸ் கெடு முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கிராக்' போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அந்தப் புரோகிராமை ஓட்டுவதற்கு ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை அழைப்பது போல அது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்தது. வேர்டு ஃபைல்களைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். டேபிளும் படங்களும் நிறைய உள்ள ரிப்போர்ட்டில் பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பொருளடக்கத்தில் பக்க எண் மாறிப்போனால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். நாங்கள் வளர்ந்த இந்தத் தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் அண்ணன்மார்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, என்னிடம் மிக அதிகமாக வந்த கேஸ். மெயிலில் வந்த ஃபைல். திறந்தால் மேலே மஞ்சள் நிறத்தில் 'புரொடெக்டட் வியூ' என்று ஒரு பட்டை நிற்கும். பக்கத்திலேயே 'எனேபிள் எடிட்டிங்' என்று பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் முடிந்தது. வேர்டு 2010-லிருந்து இந்த ஏற்பாடு. இன்டர்நெட்டிலிருந்து இறங்கும் ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. அது ஃபைலுக்குள் இல்லை. ஹார்டு டிஸ்கின் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு மறைவாக நிற்கும் தனிக் குறிப்பு. ஃபைல் மீது வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால் அடியில் 'அன்பிளாக்' என்று இருக்குமே, அது இந்த முத்திரையை எடுப்பதற்குத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபேட் 32 முறையில் உள்ள பென்டிரைவில் அந்த மாதிரி மறைவான குறிப்பு வைக்க இடமே கிடையாது. ஆகவே பென்டிரைவில் போட்டு எடுத்தால் முத்திரை தானாக உதிர்ந்துவிடும். "மச்சான், பென்டிரைவ்ல போட்டா சரியாயிடுதுடா" என்று விடுதியில் ஒரு வைத்தியம் உலவுகிறதே, அதன் ரகசியம் இதுதான். வைத்தியம் தெரிந்தவர்களுக்கும் காரணம் தெரியாது.

ஆனால் தெரியாத ஆள் அனுப்பிய ஃபைலுக்கு அந்த பட்டனை அழுத்தாதீர்கள். வேர்டு ஃபைலில் வைரஸ் வருமா என்று கேட்காதீர்கள். 1995-லேயே கான்செப்ட் என்ற மேக்ரோ வைரஸ் வேர்டு ஃபைல் வழியாகப் பரவியது. 1999 மார்ச்சில் வந்த மெலிஸ்ஸா, ஃபைலைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே மெயிலில் அனுப்பிக்கொண்டது. பூட்டு என்றாலே தொந்தரவு என்று நினைக்கிறோம். அந்த மஞ்சள் பட்டை இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

மெயிலில் வந்த ஃபைலை இறக்கி வைக்காமல் அங்கேயே திறந்து திருத்துவதும், ஜிப் ஃபைலுக்குள் இருக்கும்போதே இரட்டைக் கிளிக் செய்து திறப்பதும் இன்னொரு வழக்கம். அது ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரில் திறக்கும். பெரும்பாலும் தலைப்பில் 'ரீட் ஒன்லி' என்று வரும். சேவ் செய்தாலும் எங்கே போனது என்று தெரியாது. சிவில் பிரிவு நண்பர் ஒருவர் இரண்டு மணி நேரம் எஸ்டிமேட் அடித்து இப்படித்தான் இழந்தார். முதலில் ஃபைலை வெளியே எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பிறகு திறவுங்கள்.

'இந்த ஃபைலை வேறொருவர் திருத்திக்கொண்டிருப்பதால் பூட்டப்பட்டிருக்கிறது' என்ற செய்தி லேபில் அடிக்கடி வரும். இதன் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தவுடன், அதே ஃபோல்டரில் வேர்டு ஒரு குட்டி ஃபைலை மறைவாக உண்டாக்குகிறது. அதன் பெயர் அலைக்குறியும் டாலர் குறியும் கொண்டு தொடங்கும். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கும். நெட்வொர்க்கில் இன்னொருவர் அதே ஃபைலைத் திறக்க வந்தால், வேர்டு அந்தக் குட்டி ஃபைலைப் பார்த்து 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று சொல்லிவிடும். பேருந்தில் இருக்கைக்குத் துண்டு போட்டு வைப்பதைப் போன்றதுதான். ஒழுங்காக மூடினால் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடும். கரண்ட் போனாலோ, வேர்டு பாதியில் தொங்கிப்போனாலோ துண்டு அங்கேயே கிடக்கும். ஆள் இறங்கிப் போய்விட்டார், ஆனாலும் சீட்டு காலியில்லை!

இதற்கு வழி எளிது. முதலில் யாரும் உண்மையிலேயே திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. லேபில் பல மெஷின்களில் பயனர் பெயர் 'யூசர்' என்று ஒரே மாதிரி இருப்பதால், பூட்டியவர் யார் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்ததில், ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு ஆள் கேன்டீனில் இருந்தார். யாரும் இல்லை என்றால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் வேர்டை நிறுத்துங்கள். பிறகு ஃபோல்டரில் மறைவான ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அந்தக் குட்டி ஃபைலை மட்டும் நீக்குங்கள். பெரிய ஃபைலை நீக்கிவிட்டு என்னிடம் ஓடிவராதீர்கள். லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே பெயரிலேயே 'லாக்' என்று இருக்கும்.

ரீட் ஒன்லி என்ற குறி ஃபைலின் மீதே இருக்கலாம். பிராபர்ட்டீஸில் டிக்கை எடுத்தால் போதும். டாஸ் காலத்தில் இதை 'அட்ரிப்' கட்டளையால் செய்வார்கள். சி.டி.யிலிருந்து நகல் எடுத்த ஃபைல்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இந்தக் குறியோடுதான் வந்து விழும் என்று அக்கா சொன்னார். அவர் மேசை டிராயரில் இன்னும் இரண்டு பிளாப்பிகள் இருக்கின்றன. மூன்றரை அங்குல பிளாப்பியின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல். அதைத் திறந்து வைத்தால் எழுத முடியாது, மூடினால் எழுதலாம். பழைய ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் இது தலைகீழ். ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் எழுத முடியாது. இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் கேமரா எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னஞ்சிறு தள்ளுவிசை இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதே பழைய சங்கதிதான்.

இனி, ஆளே வேண்டுமென்று போட்ட பூட்டுகள். இவற்றில் மூன்று தினுசு. 'மார்க் ஆஸ் ஃபைனல்' என்பது பூட்டே அல்ல, 'வேலை முடிந்தது, கை வைக்காதே' என்று எழுதி ஒட்டிய சீட்டு. பட்டையில் 'எடிட் எனிவே' அழுத்தினால் திறந்துவிடும். இரண்டாவது, திருத்துவதற்கு மட்டும் பாஸ்வேர்டு. ஃபைல் திறக்கும்போதே, பாஸ்வேர்டு கொடு, இல்லாவிட்டால் ரீட் ஒன்லியாகத் திற என்று கேட்கும். ரீட் ஒன்லியாகத் திறந்து வேறு பெயரில் சேவ் செய்துகொண்டால், அந்த நகலில் நீங்கள் திருத்தலாம். மூன்றாவதுதான் எங்கள் பார்ட்னர் மீது நாங்கள் சுமத்திய 'ரெஸ்டிரிக்ட் எடிட்டிங்'. ரிவியூ என்ற தலைப்பின் கீழே இருக்கும். இதில் சில அளவுகள் உண்டு. எதையும் மாற்ற விடாமலும் வைக்கலாம், குறிப்பு மட்டும் எழுத விடலாம், காலிக் கட்டங்களை மட்டும் நிரப்ப விடலாம், திருத்தினால் திருத்தியது தெரியும்படியும் வைக்கலாம். இன்பிளான்ட் டிரெயினிங்குக்குப் போன ஒரு நிறுவனத்தின் விண்ணப்பம் கட்டங்களில் மட்டும் எழுத விட்டது. நண்பர் ஒருவர் ஃபைல் கெட்டுவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். கெடவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்!

'ஸ்டாப் புரொடெக்ஷன்' அழுத்தினால் மூன்றாவது பூட்டு அவிழும், பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதைக் கேட்கும். அது சொந்த ஃபைலாக இருந்து பாஸ்வேர்டு மறந்துவிட்டால், ரீட் ஒன்லியாக வைத்த வகையில் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரு புது ஃபைலில் ஒட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் ஃபைல் என்றால் அவரைக் கேட்டுவிடுங்கள், அதுதான் விரைவான வழியும்கூட. ஃபைலைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்டால் அது வேறு கதை. அங்கே உள்ளிருக்கும் எழுத்துகளையே உருமாற்றி வைத்திருக்கிறது. நானும் அக்காவும் அதில் கை வைப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்த செய்திக்குத் திரும்பி வருகிறேன். பூட்டப்பட்டிருக்கிறது என்ற அதே வரி, இந்த மூன்றாவது வகைப் பூட்டுக்கும் வரும். லைசென்ஸ் கெடு முடிந்தாலும் வரும். ஃபாரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பூட்டி வைத்திருந்தாலும் வரும். காய்ச்சல் என்றவுடன் டைபாய்டு என்று முடிவு கட்டியதுபோல, மூன்றில் ஒன்றை நாங்களே எடுத்துக்கொண்டோம். அதுவும் எங்கள் கோபத்துக்குப் பொருத்தமானதை.

தமிழ் ஃபைல் பற்றி ஒரு பத்தி. "வேர்டு எடிட் ஆகலை" என்று கொண்டுவருபவற்றில் சில, எழுத்துரு இல்லாத ஃபைல்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கவிதை, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். ஃபைல் நன்றாகவே இருக்கிறது, திருத்தவும் முடியும், படிக்கத்தான் முடியாது. அந்த எழுத்துருவைப் போடுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மலருக்கு வந்த கவிதைகளில் நான்கு இப்படி வந்தன. எழுதியவர்கள் அடுத்த முறை 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையில், யூனிகோடில் அடித்துத் தந்தால் செயலாளர் வாழ்த்துவார். எங்கள் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் 1994-ல் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நூறு வருஷத்துக் காகிதத்தைப் பிரித்தால் படிக்க முடிகிறது. நாம் போன வருஷம் அடித்த கவிதை திறந்தால் கோழி கிறுக்கல்.

கடைசியாக மிகச் சிறிய விஷயம். திரையில் பட்டன்களே இல்லாமல் புத்தகம் போல விரிந்து நின்றால் அது 'ரீட் மோட்'. எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை லேப்டாப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போனேன். அவன் அம்மா உட்கார வைத்துப் பணியாரம் கொடுத்தார்கள். அவன் உள்ளேயிருந்து வர ரொம்ப நேரம் ஆனது. வந்தவனிடம் நான் ஏதும் பேசாமல் லேப்டாப்பைத் திறந்து, புது ஃபைல் கேட்டு, கீயைத் தட்டிக் காட்டினேன். பிறகு தலைப்புப் பட்டையைக் காட்டினேன். அவன் அதைப் படித்தான். "பட்டை வந்துச்சே, அதை யாருடா மூடினது?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன். "சரி, பணியாரத்தைச் சாப்பிடு" என்றான். மதியத்துக்குள் லிப்ரே ஆபீஸை இறக்கிப் போட்டுக்கொண்டான். அட்டையில் பெயர்கள் பதிவு எண் வரிசையிலேயே இருந்தன. டைப் செய்தவர் என்று நன்றியுரைப் பக்கத்தில் ஒரு வரியை நாங்கள் மூவரும் சேர்த்தோம்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவுக்குக் கொடுக்கும் முன் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். ஏழு இடத்தில் திருத்தியிருந்தான். திருத்தங்களை நான் அழித்துவிடக் கூடாது என்று ரெஸ்டிரிக்ட் எடிட்டிங் போட்டு, பாஸ்வேர்டோடு திருப்பிக் கொடுத்தான். இந்த முறை உண்மையாகவே அவன் பூட்டியதுதான். இரண்டு முட்டை பரோட்டா வாங்கிக் கொடுத்த பிறகு பாஸ்வேர்டைச் சொன்னான்.